மே மாதம் கூண்டு காலியாக இருக்கட்டும்

முதலில் கவனித்தது மதினிதான். 2016 மே மாதம், இரண்டாவது வாரம். ராமேஸ்வரத்துக்கு அருகே, எங்கள் மண்டபம் ஊரின் வடகடலில் அவர் போட்டிருந்த மூங்கில் மிதவைகளில் பெப்சி பாசி நுனி நுனியாக வெளுத்து, கை பட்டால் ஒடிந்து விழுந்துகொண்டிருந்தது. கப்பாபைகஸ் என்பது அதன் பெயர். 2000-ஆம் ஆண்டு வாக்கில் பெப்சி நிறுவனம் எங்கள் கடற்கரையில் வளர்க்கத் தொடங்கியதால் ஊர் வாயில் இன்றைக்கும் அது பெப்சி பாசிதான். "தண்ணி சுடுது தம்பி. பாசி வெந்து போகுது. மீனையும் ஒரு எட்டு பாத்துக்க" என்றார். பாசி கரையோரம் இடுப்பளவுத் தண்ணீரில் மிதக்கிறது, மீன் வளர்க்க வலை கட்டிக் கடலில் நான் போட்டிருக்கும் கூண்டு ஆறு மீட்டர் ஆழமுள்ள இடத்தில் நிற்கிறது, அந்தச் சூடு அங்கே வராது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நாலாம் நாள், மே 14, விடிவதற்கு முன்பே காவலுக்குப் போயிருந்த மாப்பிள்ளை போன் செய்தார். "மச்சான், மீனெல்லாம் மேல வந்து வாயைப் பொளக்குது. சீக்கிரம் வாங்க." வள்ளத்தை எடுத்துக்கொண்டு போனபோது கடல் எண்ணெய் ஊற்றி வைத்தது போலக் கிடந்தது. மூன்று நாளாகக் காற்று இல்லை. அட்டமி நவமி சமயம் என்பதால் நீவாடும், அதாவது கடல் நீரோட்டமும், ஓடவில்லை. கூண்டுக்குள் இருந்த மீன் மொத்தமும் ஒரு ஓரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடின. செத்த மீன் மேலே பத்துப் பதினைந்துதான் தெரிந்தது. சரி, பிழைத்தோம் என்று ஒரு நொடி தோன்றியது. குதித்து அடியில் பார்த்தபோதுதான் நெஞ்சு அடைத்துவிட்டது. வலையின் அடிப்பக்கம் முழுக்க மீன் படுத்துக் கிடந்தது.

நாங்கள் வளர்த்தது கடல் விரால். கோபியா என்றால்தான் இப்போது எல்லோருக்கும் தெரிகிறது. இந்த மீனுக்குக் காற்றுப்பை கிடையாது. செத்தால் உடனே மிதக்காது, அடியில் போய்ப் படுத்துவிடும். மேலே நின்று பார்த்துவிட்டு மீன் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யக் கூடாது என்பதை அன்றைக்குத்தான் கற்றேன். இப்போதெல்லாம் கோடையில் மூன்று நாளுக்கு ஒருமுறையாவது யாராவது ஒருவர் கண்ணாடி போட்டுக்கொண்டு மூழ்கி அடிவலையைப் பார்த்தாக வேண்டும்.

மூன்று கூண்டிலும் சேர்த்து 3,000 குஞ்சு விட்டிருந்தோம். சனவரியில் விட்டது, ஒவ்வொன்றும் ஒரு கிலோ தாண்டியிருந்தது. இரண்டு நாளில் 1,800-க்கு மேல் போய்விட்டது. ஐந்து குடும்பங்கள் சேர்ந்து போட்ட முதல் அது. இரண்டு பேர் நகை அடகில் இருந்தது. செத்த மீனைக் கரையில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்து, இனி கூண்டே வேண்டாம் என்று எங்களில் ஒருவர் விலகிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

அந்தக் கோடையில் மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் பவளப்பாறைகள் வெளுத்தன என்பதைப் பிறகு பத்திரிகைகளில் படித்தேன். 2010-லும் அப்படி நடந்திருக்கிறது. பாசி வெளுத்ததும் பாறை வெளுத்ததும் மீன் செத்ததும் ஒரே காரணத்தால்தான். இந்தியப் பெருங்கடலின் வெப்பமண்டலப் பகுதியில் 1951-இல் இருந்து 2015-க்குள் கடல் மேற்பரப்பின் வெப்பம் சராசரியாக ஒரு டிகிரி கூடியிருக்கிறது என்று 2020-இல் வந்த மத்திய அரசின் புவி அறிவியல் அமைச்சக அறிக்கை சொல்கிறது. ஒரு டிகிரிதானே என்று தோன்றும். ஏற்கெனவே விளிம்பில் நிற்கிற தண்ணீருக்கு அந்த ஒரு டிகிரி எவ்வளவு பெரியது என்று கூண்டு வைத்திருப்பவனுக்குத்தான் தெரியும்.

எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கடல் இரண்டு. ரயில் பாதைக்கு வடக்கே இருக்கிற பாக் நீரிணை வடகடல். தெற்கே மன்னார் வளைகுடா தென்கடல். ராமேஸ்வரம் பக்கம் பெண்கடல், ஆண்கடல் என்றும் சொல்வார்கள். வடகடல் ஆழம் குறைந்தது, பெரும்பகுதி பத்து மீட்டர்கூட இருக்காது. ஐப்பசி தொடங்கி வாடைக்காற்று அடிக்கும்போது அங்கே நிற்க முடியாது. தை பிறந்து காற்று தணிந்த பிறகு கூண்டு போட்டால் ஆவணி வரை நிம்மதி. அதனால்தான் சனவரி, பிப்ரவரியில் குஞ்சு விட்டு ஆகஸ்டில் பிடிப்பது என்று எல்லோரும் வழக்கமாக வைத்திருந்தோம். காற்றுக்குப் பொருத்தமான கணக்கு அது. வெயிலுக்குப் பொருத்தமில்லை. அப்படி விட்டால் மீன் பாதி வளர்ந்து, கூண்டு நிறைந்து நிற்கிற நேரமும் ஏப்ரல், மே வெக்கையும் ஒன்றாக வந்து நிற்கும். ஆழமில்லாத கடல், காற்று நின்றால் வாணலித் தண்ணீர் மாதிரி சூடேறிவிடும்.

மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருப்பது எங்கள் அதிர்ஷ்டம். இந்தியாவில் முதன்முதலாக 2010-இல் கோபியாவை முட்டையிட வைத்துக் குஞ்சு எடுத்தது அங்கேதான். செத்த மீனில் நாலைந்தை ஐஸில் வைத்து எடுத்துக்கொண்டு போனோம். நோய் ஏதாவது என்று சொல்வார்கள் என்று நினைத்தேன். அங்கிருந்த ஒருவர் மூன்று கேள்விதான் கேட்டார். விடியற்காலையில் ஆக்சிஜன் எவ்வளவு? அடித்தண்ணீர் வெப்பம் எவ்வளவு? கடைசியாக எப்போது தீனி போட்டீர்கள்? முதல் இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. மூன்றாவதற்கு இருந்தது: முந்தின நாள் சாயங்காலம், வயிறு முட்ட.

அவர் பொறுமையாக விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். தண்ணீர் சூடாக ஆக அதில் கரைகிற ஆக்சிஜன் குறையும். கடல் தண்ணீரில் 25 டிகிரியில் லிட்டருக்கு 6.8 மில்லிகிராம் வரை கரையும் என்றால், 32 டிகிரியில் 6 மில்லிகிராம்தான் கரையும். இதே நேரத்தில் மீனுக்குத் தேவைப்படுகிற ஆக்சிஜன் கூடிக்கொண்டே போகும், ஏனென்றால் சூட்டில் அதன் உடம்பு வேகமாக வேலை செய்கிறது. கோபியா எப்போதும் நீந்திக்கொண்டே இருக்கிற மீன் என்பதால் அதற்கு மூச்சு இன்னும் அதிகம் வேண்டும். தின்ற பிறகு செரிப்பதற்குப் பல மணி நேரம் கூடுதலாக ஆக்சிஜன் இழுக்கும். ராத்திரியில் கடலில் உள்ள நுண்பாசிகளும் ஆக்சிஜனை உறிஞ்சுவதால், விடிவதற்குச் சற்று முன்புதான் தண்ணீரில் அது மிகக் குறைவாக இருக்கும். நான் சாயங்காலம் வயிறு நிறையப் போட்டு, மிக மோசமான நேரத்துக்கு மீனைத் தயார் செய்து அனுப்பியிருக்கிறேன். பட்டினி போட்டிருந்தால் பாதிக்கு மேல் பிழைத்திருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அதன் பிறகு செய்த முதல் வேலை அளப்பது. கருவி வாங்கப் பணம் இல்லை. ஒரு கண்ணாடி வெப்பமானி, கல் கட்டிய பிளாஸ்டிக் பாட்டில், அதன் வாயில் கார்க், கார்க்கில் ஒரு நூல். பாட்டிலை வேண்டிய ஆழத்துக்கு இறக்கி நூலை இழுத்தால் அந்த ஆழத்துத் தண்ணீர் நிறையும். ஐந்து நிமிடம் விட்டு மேலே எடுத்து, வெயில் படாமல் உடனே வெப்பமானியை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். ஆக்சிஜன் பார்க்க இறால் பண்ணைக்காரர்கள் வைத்திருக்கிற சொட்டு மருந்துச் சோதனைப் பெட்டி வாங்கினோம். பின்னால் நான்கு குழுக்கள் பணம் போட்டு ஆக்சிஜன் அளக்கும் ஒரு மீட்டர் வாங்கிச் சுற்றுக்கு வைத்திருக்கிறோம். மகளின் பழைய பள்ளி நோட்டில் தேதி, நேரம், மேல் வெப்பம், நாலு மீட்டர் வெப்பம், ஆக்சிஜன், காற்று, நீவாடு, போட்ட தீனி, செத்த மீன் என்று கட்டம் போட்டு எழுதத் தொடங்கினோம். 2017-இல் இருந்து இன்று வரை ஏழு நோட்டு ஆகிவிட்டது. கூண்டு தொடங்குகிறவர்களிடம் வலைக்கு முன்னால் நோட்டு வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன். கையை விட்டுப் பார்த்துத் தண்ணீர் சுடுகிறது என்று தெரிகிற நேரத்தில் காலம் கடந்திருக்கும்.

நோட்டில் இருந்துதான் எங்கள் தீனிக் கணக்கு வந்தது. மேல்தண்ணீர் 30 டிகிரி வரை வழக்கமான தீனி. 31 ஆனால் பாதி. 32 என்றால் ஒரு நாள் விட்டு ஒரு நாள். 33-ஐத் தொட்டால் தீனியே கிடையாது, வெக்கை தணியும் வரை. வெப்பம் எதுவாக இருந்தாலும் விடியலில் ஆக்சிஜன் 4 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அன்றைக்குத் தீனி இல்லை. போடுகிற நாளிலும் சூரியன் ஏறி ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துத்தான். சாயங்காலத் தீனியை மார்ச் மாதமே நிறுத்திவிடுவோம். மீன் பசியோடு மேலே வந்து பார்க்கும்போது மனசு கேட்காது. வாரக்கணக்கில் எடை ஏறாமல் நிற்பதைப் பார்த்தால் இன்னும் கஷ்டமாக இருக்கும். இருந்தாலும் கை நீளக் கூடாது. ஒரு வாரம் பட்டினி கிடந்த கோபியா பிறகு தேறிக்கொள்ளும்.

தீனியைப் பற்றி இன்னொன்று. நாங்கள் பெரும்பாலும் சாளை, சூடை, விசைப்படகில் வருகிற கழிவு மீன் இவற்றைத்தான் வெட்டிப் போடுவோம். ஒரு கிலோ கோபியாவுக்கு ஐந்தாறு கிலோ தேவைப்படும். ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. வெக்கை உச்சத்தில் இருக்கிற அதே நாட்களில் தீனியும் கிடைக்காது. கிடைப்பது நாட்டுப்படகுச் சாளை, அதுவும் மனிதர் தின்கிற விலைக்கு. இரண்டு நாள் பழசான, ஐஸ் வைக்காத மீனை அந்தச் சமயத்தில் போட்டுவிட்டு வயிறு வீங்கிச் செத்ததையும் பார்த்திருக்கிறோம். மீன் எண்ணெய் சூட்டில் சீக்கிரம் காறிப்போகும். உங்கள் மூக்குக்குப் பிடிக்காததைக் கூண்டில் போடாதீர்கள்.

அடுத்தது எண்ணிக்கை. ஆறு மீட்டர் விட்டமுள்ள ஒரு கூண்டில் முன்பு 1,000 குஞ்சு விட்டோம். மண்டபத்தில் சொல்லிக்கொடுத்தது 750. நாங்கள் பேராசையில் கூட்டினோம். இப்போது 500-க்கு மேல் விடுவதில்லை. முதல் வருடம் குழுவில் பெரிய சண்டையே வந்தது. பாதி மீனுக்கு முழுக் கடன் எப்படிக் கட்டுவது என்று கேட்டார்கள், நியாயமான கேள்விதான். வருடக் கடைசியில் எடை போட்டுப் பார்த்தபோது ஒவ்வொரு மீனும் முன்பைவிடக் கனமாக இருந்தது. செத்தது நூற்றுக்கு ஏழு. கையில் வந்த காசு ஏறக்குறைய அதேதான். தீனிச் செலவு குறைந்ததால் மிச்சம் கொஞ்சம் கூடவே இருந்தது. அதோடு சண்டை நின்றது.

வலையைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. சூடான தண்ணீரில் கொட்டலசும் (ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் சிறு கடலுயிர்) பாசியும் வலையில் பிடிக்கிற வேகம் பயங்கரம். பிப்ரவரியில் ஒரு மாதம் தாங்குகிற உள்வலை ஏப்ரலில் பன்னிரண்டு நாளில் சாக்குப்பை மாதிரி அடைத்துவிடும். அடைத்த வலைக்குள் தண்ணீர் ஓடாது, ஓடாத தண்ணீரில் ஆக்சிஜன் வராது. எங்கள் மே 14-க்கு இதுவும் ஒரு காரணம். 40 நாள் மாற்றாத வலை அது. இப்போது ஒவ்வொரு கூண்டுக்கும் மூன்று உள்வலை. ஒன்று தண்ணீரில், ஒன்று வெயிலில் காய்கிறது, ஒன்று தயாராக. மீன் வளர வளரக் கண் பெரிதான வலைக்கு மாற்றிக்கொண்டே போக வேண்டும். மாற்றுகிற வேலையை விடிந்ததும் முடித்துவிடுவோம். மதிய வெயிலில் மீனை நெருக்கி வலை மாற்றினால் ஐம்பது மீனாவது போகும். கூண்டுக்குள் நாற்பது ஐம்பது ஓரா மீன் விட்டு வைத்தோம். அது வலைப் பாசியைக் கொறித்துத் தின்றுவிடுகிறது. கொட்டலசுக்கு அது உதவாது, பாசிக்கு நல்ல உதவி.

வெக்கையில் ஒட்டுண்ணியும் பெருகும். தோலில் தட்டையாக, கண்ணுக்கே தெரியாதபடி ஒட்டியிருக்கும் புழு ஒன்று உண்டு. மீன் வலையில் உரசும், கண் மங்கும், பிறகு புண்ணாகும். நல்ல தண்ணீரில் ஐந்து நிமிடம் முக்கினால் புழு வெள்ளையாகி உதிர்ந்துவிடும். இதை மார்ச் முதல் வாரத்திலேயே, அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு தடவை செய்துவிட வேண்டும். மே மாதத்தில் மீனைக் கையில் பிடித்து முக்கினால் புழுவோடு மீனும் போய்விடும்.

இவ்வளவும் செய்து 2017, 2018 இரண்டு கோடையையும் தாண்டினோம். ஆனால் ஒவ்வொரு மே மாதமும் நாங்கள் தூங்கவே இல்லை. ஒரு நாள் மாப்பிள்ளைதான் கேட்டார். "ஏன் மச்சான், மே மாசத்துல மீனைக் காப்பாத்துறதுக்கு இவ்வளவு பாடுபடுறோமே, மே மாசத்துல மீனே இல்லாமப் பண்ண முடியாதா?" நான் இத்தனை நோட்டு எழுதியும் எனக்குத் தோன்றாத கேள்வி அது. எங்கள் மாற்றம் எல்லாம் அதில் இருந்துதான் பிறந்தது.

வாடைக்காற்றில் வடகடல் கொந்தளிக்கும்போது தென்கடல் அடங்கிக் கிடக்கும். நாட்டுப்படகுக்காரர்கள் காற்றுக்கு ஏற்ப இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் படகை மாற்றுவது தாத்தா காலத்து வழக்கம். படகை மாற்றும்போது கூண்டை ஏன் மாற்றக் கூடாது? தென்கடலில் அக்டோபரில் குஞ்சு விட்டால் ஏப்ரலுக்குள் ஆறு மாதம் கிடைக்கும். இரண்டரை, மூன்று கிலோ வந்துவிடும். ஏப்ரல் 15-க்குப் பிறகு தடைக்காலம் என்பதால் சந்தையில் மீன் குறைவு, விலை கூடுதல். எந்த வெக்கைக்கு முன்னால் மீனைக் கரையேற்ற வேண்டுமோ, அந்த நேரத்தில்தான் விலையும் ஏறுகிறது.

தென்கடலில் நினைத்த இடத்தில் கூண்டு போட முடியாது. அங்கே உள்ள 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986-இல் இருந்து தேசியப் பூங்கா. அந்த எல்லைக்கு வெளியே, பாறை இல்லாத, நீவாடு ஓடுகிற இடமாகத் தேடி அனுமதி வாங்க ஆறு மாதம் ஆனது. அந்த அலைச்சலை எழுதினால் தனிக் கட்டுரை ஆகிவிடும், விடுகிறேன். ஜி.ஐ. குழாய்ச் சட்டங்களைப் பிரித்து மினி லாரியில் ஏற்றித் தென்கரையில் மறுபடி பொருத்தினோம். ஆழம் பத்து மீட்டர். வலையை நாலில் இருந்து ஐந்து மீட்டராக ஆழப்படுத்தினோம். வலையின் அடிக்கும் கடல் தரைக்கும் நடுவே குறைந்தது வலையின் ஆழம் அளவுக்காவது இடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் கழிவு கீழேயே தங்கி அழுகி, ஆக்சிஜனைத் தின்னும். வெயில் நாளில் மேலே 32 காட்டும்போது அடியில் ஒரு டிகிரி குறைவாக இருக்கும். மீன் தானே கீழே இறங்கி நின்றுகொள்ளும். அந்த ஒரு டிகிரிக்கு இடம் கொடுப்பதுதான் ஆழமான வலை.

2019 செப்டம்பர் கடைசியில் முதல் குஞ்சுகளை விட்டோம். பத்து நாள்கூட ஆகவில்லை, தென்கடல் பச்சையாகிவிட்டது. நாங்கள் பூங்கோரை என்போம். நாக்டிலூக்கா என்கிற நுண்ணுயிர் கோடிக்கணக்கில் பெருகி, தண்ணீர் கீரைக் கஞ்சி போல ஆகிவிடும். பாம்பன், மண்டபம், கீழக்கரை வரை அந்த வருடம் கரையெங்கும் மீன் செத்து ஒதுங்கியது. இலேசான வாடை, வழுவழுப்பு, அது அழுகும்போது ஆக்சிஜன் சரிந்து அமோனியா ஏறும். வெளியே உள்ள மீன் ஓடித் தப்பிக்கலாம், கூண்டு மீன் எங்கே ஓடும்? விரல் நீளக் குஞ்சுகள் முக்கால்வாசி போய்விட்டன. வெக்கைக்குத் தப்பி வந்து பூங்கோரையில் மாட்டிக்கொண்டோம் என்று மதினி அழுதார். அந்த முறை அவருடைய பணமும் அதில் இருந்தது.

அங்கே கற்றதுதான் நாற்றங்கால் முறை. செப்டம்பரில் வாங்குகிற குஞ்சை நேராகக் கடலில் விடுவதில்லை. கரையில் உள்ள உப்புநீர்க் குளத்தில் ஹாப்பா என்கிற சிறுகண் வலைத் தொட்டி கட்டி, அதில் ஆறேழு வாரம் வளர்க்கிறோம். பத்துப் பதினைந்து கிராமில் வருவது நூறு கிராமாகிவிடும். பூங்கோரை வந்து போகிற செப்டம்பர், அக்டோபரை அது கரையிலேயே கழித்துவிடும். நவம்பர் முதல் வாரத்தில் தண்ணீர் தெளிந்ததும் கடலுக்கு. ஏற்றிச் செல்வது ராத்திரியில், பிளாஸ்டிக் தொட்டிக்குள் ஆக்சிஜன் குமிழ் விட்டு. பெரிய குஞ்சாக இருப்பதால் சாவும் குறைவு. குளத்துக்கு ஆள், மின்சாரம், வாடகை என்று செலவு கூடியது உண்மை. பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் கூண்டுக்கு மானியம் கிடைத்தது, பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் 60 சதவீதம். மதினியின் பெண்கள் குழு பெயரில் இரண்டு கூண்டு வந்தது அப்படித்தான்.

2020 திசம்பர் முதல் வாரத்தில் புரெவி புயல். இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்குள் வந்து பாம்பன் பக்கத்திலேயே நின்று வலுவிழந்தது. எச்சரிக்கை வந்ததும், பறவை கொத்தாமல் இருக்கக் கூண்டின் மேல் போட்டிருந்த வலையை அவிழ்த்து, நங்கூரக் கயிறை இரட்டித்து, இரண்டு நாள் முன்பே தீனியை நிறுத்தினோம். ஒரு கூண்டின் வெளிவலை கிழிந்தது, மீன் தப்பியது. குளிர்காலக் கடலுக்கு மாறியவன் புயலுக்கும் தயாராக இருக்க வேண்டும். கூண்டு ஒன்றுக்கு நான்கு நங்கூரம் என்பதில் நாங்கள் காசு மிச்சம் பிடிப்பதில்லை.

2024 ஏப்ரலில் வந்த வெக்கை 2016-க்குக் குறைந்ததல்ல. பாறைகள் மறுபடி வெளுத்தன. ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் கடல் வெப்ப அலை பற்றி எச்சரிக்கை வெளியிடுகிறது. பவளப்பாறை வெளுப்புக்கும் தனியாக எச்சரிக்கை உண்டு. அதை மீன் வளர்ப்பவர்களும் பார்க்கலாம், பார்க்க வேண்டும். பாறைக்கு ஆபத்து என்று வந்தால் இரண்டு வாரத்துக்குள் எனக்கும் ஆபத்து என்று எடுத்துக்கொள்வேன். அந்த வருடம் மார்ச் கடைசியிலேயே மேல்தண்ணீர் 31 காட்டியது. இரண்டு கிலோ தாண்டியதை எல்லாம் உடனே பிடித்து விற்றோம். மூன்று கிலோ வரட்டும் என்று காத்திருந்தால் இன்னும் நாற்பதாயிரம் ரூபாய் வந்திருக்கும் என்று வியாபாரி சொன்னார். வந்திருக்கலாம். மீதியைத் தடைக்காலம் தொடங்கிய மறுநாளில் இருந்து நாலு நாளில் பிடித்தோம். ஏப்ரல் 20-ஆம் தேதி எங்கள் கூண்டுகளில் ஒரு கோபியாகூட இல்லை. மே மாதம் முழுக்க வலைகளைக் காயப்போட்டு, சட்டங்களுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தோம். நான் எட்டு வருடத்தில் முதல் தடவையாகச் சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை போனேன்.

நியூசிலாந்தில் மார்ல்பரோ பகுதியில் சாமன் மீன் வளர்ப்பவர்கள் 2022 கோடையில் பெருமளவு மீனை இழந்து, சூடேறும் இடங்களில் இருந்த பண்ணைகள் சிலவற்றை மூடினார்கள், குளிர்ந்த திறந்த கடலுக்குப் போகப் பார்க்கிறார்கள் என்று படித்தேன். நம் மாதிரி சிறிய குழுக்களால் ஆழ்கடலுக்குப் போக முடியாது. அதற்கான கப்பலும் முதலும் நம்மிடம் இல்லை. நமக்குக் கைக்கு எட்டுவது மாதங்களை மாற்றுவதும் மீனைக் குறைப்பதும்தான். ஆந்திரா, கேரளா பக்கம் இருந்து கூண்டு பார்க்க வருகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். எங்கள் மாதக் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டு போகாதீர்கள். உங்கள் கடலில் எந்த வாரம் சூடு ஏறுகிறது, எந்த மாதம் நிறம் மாறுகிறது, எப்போது காற்று திரும்புகிறது என்று இரண்டு வருடம் எழுதிப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

மதினி இப்போதும் பாசி போடுகிறார். கூண்டைச் சுற்றி மிதவை கட்டினால் மீன் கழிவில் உள்ள சத்தை எடுத்துப் பாசி நன்றாக வளர்கிறது, தண்ணீரும் சுத்தமாகிறது. மண்டபத்தில் ஒரு கூண்டுக்குப் பதினாறு மிதவை என்று கற்றுக்கொடுத்த முறை அது. 45 நாளுக்கு ஒரு அறுவடை. 2013-க்குப் பிறகு வெக்கையில் பாசி அழிந்து எத்தனையோ பெண்கள் இந்தத் தொழிலை விட்டே போனார்கள். இவர் மார்ச் அறுவடையோடு நிறுத்தி, விதைப்பாசியை மட்டும் கொஞ்சம் ஆழத்தில் கயிறு இறக்கிக் காப்பாற்றி வைத்து, சூலையில் மறுபடி தொடங்குகிறார். நுனி வெளுத்தால் எனக்கு உடனே போன் வரும். நானும் உடனே போய்ப் பார்க்கிறேன்.

இந்த வருடம் ஒரு கூண்டில் மட்டும் கொடுவா விட்டிருக்கிறோம், 300 குஞ்சு. கொடுவா சூட்டையும் உப்புக் குறைவையும் கோபியாவைவிட நன்றாகத் தாங்கும், குளத்திலேயே வளர்க்கிற மீன். வளர்ச்சி மெதுவாக இருப்பதால் ஒரு கோடையைக் கடலில் கழித்தே ஆக வேண்டும். அந்த ஒரு கூண்டை மே மாதமும் வைத்துப் பார்க்கலாம் என்று குழுவில் முடிவாகியிருக்கிறது. ஐந்து மீட்டர் வலை, அதிலும் எண்ணிக்கை குறைவு, தினமும் இரண்டு தடவை அளவு. விடியற்கால ஆக்சிஜன் இரண்டு நாள் தொடர்ந்து 4-க்குக் கீழே போனால், அரைக் கிலோவாக இருந்தாலும் மூன்றாம் நாள் பிடித்துவிடுவது என்று இப்போதே எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.